வாருக்கு அடியில் ஒரு விரல்

ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியில் கிடந்த சாமான் அறையைத்தான் நரம்புப் பரிசோதனைக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. கூரை ஒரு பக்கம் படியோடு சேர்ந்து சரிந்து இறங்கும். மறந்துபோய் நிமிர்ந்தால் மண்டையில் இடிக்கும். இயந்திரம் சூடாகக் கூடாதென்று ஏசி எந்நேரமும் ஓடும். கட்டிலும் இயந்திரமும் போக மிஞ்சிய சந்தில் ஒரு முக்காலி. அதில் ஒடுங்கி உட்கார்ந்து, வருகிறவர்களின் கைகால்களில் அவர் மின்சாரம் வைப்பார். சின்ன மின்சாரம்தான். நரம்பில் ஓரிடத்தில் தட்டினால் இன்னோரிடத்துக்கு அது என்ன வேகத்தில் போய்ச் சேர்கிறது என்று திரையில் ஓர் அலை எழும்பிச் சொல்லும். படித்த படிப்புக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் யாரும் அதைச் சொல்லி அவர் கேட்டதில்லை. வாசலில் இருக்கும் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் கரண்டுக்காரர்.

அன்று காலை முதலில் வந்தது ஒரு தையல்கார அம்மாள்.

"என்னம்மா பண்ணுது?"

"கால் மரத்துப் போச்சு."

"சுத்தமா உணர்ச்சி இல்லையா? இல்ல, ஊசி குத்தற மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா?"

"எறும்பு ஊர்ந்தாலும் பரவாயில்லையே தம்பி, துணைக்காவது இருக்கும். இது என் கால் மாதிரியே இல்ல. யாரோ மறந்து வச்சுட்டுப் போன கால் மாதிரி இருக்கு."

ஆயா வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தாள். அம்மாள் அதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"குளிச்சுட்டுத்தான் தம்பி வந்தேன்."

"எல்லாருக்கும் இதுதாம்மா முறை. காலை விடுங்க."

"காலைக் கழுவிவிட்டு கரண்டு வைக்கறாங்களாம். நல்ல மரியாதை!"

அவர் சிரித்தார். இந்தப் பேச்சைத் தினமும் யாராவது ஒருவர் பேசுவார். காரணத்தை விளக்குவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

சிரித்துக்கொண்டே முக்காலியில் தன் இடது காலை நகர்த்தினார். கால் நகர்ந்தது. ஆனால் நகர்ந்த செய்தி வந்து சேரவில்லை. பாதத்தின் மேல்புறத்தில் ஒரு மதமதப்பு. கெண்டைக்கால் ஓரமாக ஜிவ்வென்று ஒரு கோடு. குனிந்து பார்த்தார். செருப்புக்குள் பாதம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல.

இது சில வாரங்களாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் வீட்டில் இருந்தது. அவருடைய அப்பாவுக்கு நாற்பதை நெருங்கும்போது கால் தடுமாற ஆரம்பித்தது. முதலில் செருப்பு கழன்று விழுவது தெரியாமல் போயிற்று. பிறகு பாதம் தொங்கிற்று. கடைசியில் கை. சட்டைப் பொத்தானைப் போட்டுவிட ஆள் தேவைப்பட்ட நாளிலிருந்து அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பரம்பரையாக வருகிற நரம்பு நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். வந்தால் வரும், வராவிட்டால் இல்லை, வந்தால் மருந்து இல்லை. அடுத்து அது அண்ணனுக்கு வந்தது. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்த்தவர் அண்ணன். ஏறாத மாடி இல்லை. ஒருநாள் யார் வீட்டுப் படியிலோ பார்சலோடு உருண்டார். அண்ணனின் காலில் மின்சாரம் வைத்துப் பார்த்ததும் கரண்டுக்காரர்தான். படிப்பு முடிந்து வேலைக்கு வந்த புதிது. அலைகள் ஒவ்வொன்றும் தவழ்ந்து வந்தன.

"என்னடா, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" என்று கட்டிலில் படுத்தபடியே கேட்டார் அண்ணன். "மிஷின் ரிப்பேரா?"

இப்போது அண்ணன் பார்சல் அலுவலகத்தில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு முன்னறையில் இருக்கிறார். தினமும் காலையில் அவருடைய இரண்டு கால்களிலும் பாதம் தொங்காமல் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையை வைத்து வாரைக் கட்டிவிடுவது தம்பியின் வேலை. அண்ணனின் விரல்களுக்குக் கொக்கி இப்போதெல்லாம் அகப்படுவதில்லை.

"இறுக்கமா இருக்காண்ணா?"

"இருந்தா சொல்ல மாட்டேனா?"

தினமும் கேட்கிற கேள்வி, தினமும் வருகிற பதில். வாருக்கு அடியில் ஒரு விரலை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் தம்பி எழுந்திருப்பார். ஒருமுறை அண்ணனின் பேச்சை நம்பி விட்டுவிட்டார். சாயங்காலம் அவிழ்த்தபோது வார் சதைக்குள் இறங்கியிருந்தது. அண்ணனுக்கு ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

கரண்டுக்காரருக்கு முப்பத்தெட்டு வயது. தன் காலில் ஒருநாளும் மின்சாரம் வைத்துப் பார்த்ததில்லை. படிக்கிற காலத்தில் ஒருவருக்கொருவர் வைத்துப் பழகியபோதுகூடக் கையைத்தான் நீட்டினார். அவருக்கு ஒரு மகள். இரண்டாம் வகுப்பு. தனக்கு இருந்தால் அவளுக்கும் இருக்கலாம். இருக்கிறது என்று திரை சொல்லிவிட்டால், அதன் பிறகு அந்தக் குழந்தையை எப்படிப் பார்ப்பது?

இருந்தும் ஒருநாள் பார்த்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரம். கதவைத் தாழிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். வாளித் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. வேறு கொண்டுவரச் சொன்னால் ஆயா, "யாருக்கு?" என்று கேட்பாள். இந்த நேரத்தில் நோயாளி யாரும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். காலைத் துடைத்து, கம்பிகளை ஒட்டி, கணுக்காலில் தட்டினார். வலித்தது. இத்தனை வருடங்களாக "லேசா சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்" என்று எல்லோரிடமும் சொல்லிவந்தது பச்சைப் பொய் என்று தெரிந்தது. அடுத்து முட்டிக்குக் கீழே தட்டினார். வேகத்தை இயந்திரமே கணக்குப் போட்டுக் காட்டிற்று.

நொடிக்கு நாற்பது மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். முப்பத்துநான்கு.

ஒரு பக்கம் மட்டும் என்றால் கவலையில்லை. எங்கோ நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். பரம்பரை நோய் ஒரு காலோடு நிற்காது. அவசரமாக வலது காலில் ஒட்டினார். அங்கே மதமதப்பு இல்லை, ஒன்றும் இல்லை. நல்ல கால்.

முப்பத்தைந்து.

முட்டிக்கு மேலேயும் தட்டிப் பார்த்தால்தான் பரிசோதனை முடியும். அவருக்குக் கை வரவில்லை. கம்பிகளைப் பிடுங்கினார். எழுந்தார். கூரையில் தலை இடித்தது.

வெளியே கதவைத் தட்டினார்கள்.

"கரண்டு போயிடுச்சா சார், உள்ளயே இருக்கீங்க?" என்றாள் ஆயா.

அதற்குப் பிறகு வீடும் அந்த அறை போலவே ஆயிற்று. எங்கே திரும்பினாலும் இடித்தது. மகள் பள்ளிக்குப் போகும்போது வாசலில் நின்று அவள் நடையையே பார்த்தார். அவள் தடுக்கியதை எல்லாம் எண்ணி வைத்துக்கொண்டார். எல்லாக் குழந்தைகளும் தடுக்கும் என்று தெரியும். தெரிந்து என்ன செய்வது? ராத்திரி அவள் தூங்கிய பிறகு போர்வையை விலக்கிப் பாத வளைவைத் தடவிப் பார்த்தார். அவள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள். அந்தக் கூச்சம் ஒன்றுதான் அந்த நாட்களில் அவருக்குக் கிடைத்த ஆறுதல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் அவளை நிறுத்தினார்.

"பாப்பா, குதிகால்லயே நட பாப்போம். விரலைத் தூக்கிக்கணும்."

"எதுக்குப்பா?"

"ஒரு விளையாட்டு."

அவள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தத்தித் தத்திச் சுவர்வரை போய்த் திரும்பினாள்.

"ஜெயிச்சுட்டேனா?"

"இன்னொரு தடவ."

"போப்பா, இது நல்லாவே இல்ல. நீ நட பாப்போம்."

அவர் நடக்கவில்லை. இடது பாதத்தின் விரல்களைத் தூக்க முடியாதென்று அவருக்குத் தெரியும். சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். கையில் கரண்டி. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று தெரியவில்லை.

"புள்ளைக்கு என்ன வந்துச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா புள்ளைய குதிகால்ல நடக்க விடறீங்க? உங்க அண்ணனுக்கு இப்படித்தான் பண்ணிப் பாத்தீங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"சும்மா விளையாட்டுக்கு."

"உங்க மூஞ்சியில விளையாட்டு எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க."

அவர் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சும்மா ஓடிற்று. வெளியே மனைவி கதவருகே வந்து நின்றது தெரிந்தது. அவள் தட்டவில்லை.

கண்டுபிடித்தது அண்ணன்தான். அதற்குக் கண்கூட வேண்டியிருக்கவில்லை.

முன்னறையில் அவர் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். தம்பி கூடத்தைக் கடந்து போனார். வலது கால் சத்தமில்லாமல் விழுந்தது. இடது கால் தரையில் டப்பென்று அறைந்தது. டப். மறுபடியும் டப்.

"டேய், இங்க வா."

"வேலை இருக்குண்ணா."

"வாடா. கதவைச் சாத்திட்டு வா."

சாத்திவிட்டு வந்தார். அண்ணன் தாளை மடித்தார். மடிப்பு கோணலாக விழுந்தது. விரல்கள் அவ்வளவுதான் கேட்கும்.

"அப்பா நடந்தப்ப இந்தச் சத்தத்தைக் கேட்டேன். அப்புறம் நானே போட்டேன். மூணாவது ஆளு நீயா?"

கரண்டுக்காரர் திரும்பிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"எந்தக் கால்?"

"இடது."

அண்ணன் கட்டிலில் சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டுத் தட்டிக் காட்டினார்.

"வா, உக்காரு. கம்பெனியில ஆள் சேத்தாச்சு." சிரித்தார். "நான் சீனியர். அதை மட்டும் மறந்துடாத."

தம்பியும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அண்ணனின் சிரிப்பில் ஏதோ ஒன்று, நீண்ட வழியைத் தனியாக நடந்தவனுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது போல ஒன்று, சட்டென்று வந்துவிட்டுப் போயிற்று. அதைத் தம்பி பார்த்தார். பார்த்தது அண்ணனுக்கும் தெரிந்தது. அண்ணன் உடனே குரலை மாற்றிக்கொண்டார்.

"மிஷின்ல வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். ரெண்டு காலும் மெதுவாத்தான் இருக்கு."

"யாரு வச்சா?"

"நானே. மத்தியானத்துல கதவைச் சாத்திக்கிட்டு."

"திருட்டுத்தனமா?"

"பின்ன, டமாரம் அடிச்சா?"

அண்ணன் தாடையைச் சொறிந்தார். எதையோ யோசித்தார்.

"அன்னிக்கு எனக்குப் பண்ணப்போ ஒரு வாளியில வெந்நீர் கொண்டாந்தியே. நான்கூட, 'என்னடா, பூஜை பண்ணப் போறியா'ன்னு கேட்டேன். நீ பெரிசா ஒரு பாடம் எடுத்த. 'குளிர்ந்த கால்ல நரம்பு சோம்பேறியாயிடும்ண்ணா, நல்ல கால்கூடக் கெட்ட கால் மாதிரி காட்டும், அதனால சூடு பண்ணாம யாருக்கும் வைக்கக் கூடாது'ன்னு. நான் அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். கால் சுடுதா இல்லையான்னு எனக்குத் தெரியல. நீதான் கையை விட்டுப் பாத்துச் சொன்ன."

கரண்டுக்காரர் தலையைத் தூக்கினார்.

"உன் காலை ஊற வச்சியா?" என்றார் அண்ணன்.

குளிர்பெட்டி மாதிரி ஓடிக்கொண்டிருந்த அறை. காலையிலிருந்து அதிலேயே உட்கார்ந்திருந்த கால்கள். ஆறிப்போன வாளி. ஆயாவிடம் சொல்ல வாய் வராமல் அப்படியே ஒட்டின கம்பிகள். தினமும் வருகிற ஒவ்வொருவருக்கும் செய்ததைத் தனக்கு மட்டும் செய்யவில்லை. அலை உயரமாக இருந்ததுகூட இப்போதுதான் நினைவுக்கு வந்தது. நோய் வந்தால் அலை குட்டையாகும். குளிரில்தான் அது உயரும். கண் முன்னால் நின்ற அலையை அவர் பார்க்கவே இல்லை. எண்ணைப் பார்த்தார், அப்பாவை நினைத்தார், எழுந்துவிட்டார்.

"இல்லண்ணா," என்றார்.

"ஊருக்கெல்லாம் கால் கழுவி விடற, உன் காலுக்கு ஒரு சொம்பு தண்ணி இல்லையாடா? மடையா, போ. போய் ஒழுங்கா பாரு."

மறுநாள் அவர் ஆயாவிடம் இரண்டு வாளி கேட்டார்.

"ரெண்டா? யாருக்கு சார், யானைக்கா?"

"எனக்கு."

ஆயா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. வெந்நீரைக் கொண்டுவந்து வைத்து, பதம் பார்த்துவிட்டு, கதவைத் தானே சாத்திக்கொண்டு போனாள். இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று அவருக்கு இருந்தது.

ஏசியை அணைத்தார். கால்களை விட்டு உட்கார்ந்தார். வலது காலில் சூடு ஏறுவது தெரிந்தது. இடது பாதத்தின் அடியில் தெரிந்தது, மேல்புறம் தெரியவில்லை. தோல் சிவக்கும்வரை இருந்தார். வெளியே யாரோ, "இன்னுமா உள்ள இருக்காங்க? பிரசவமா நடக்குது?" என்று கேட்டார்கள். ஆயா அதட்டுகிற குரல் கேட்டது.

வலது காலில் முதலில் வைத்தார். நாற்பத்தொன்பது. கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி தட்டினார். அதே எண்தான். இடது காலில், கணுக்காலிலிருந்து முட்டிக்குக் கீழ்வரை நாற்பத்தெட்டு. இந்த நோய் இருந்தால் சிறு வயதிலிருந்தே வேகம் குறைந்திருக்கும்; அப்பாவின் நரம்பு ஒருநாளும் இந்த வேகத்தில் ஓடியிருக்காது.

பிறகு, அன்று கை வராமல் விட்ட இடம். முட்டிக்கு வெளிப்புறம் ஓர் எலும்பு முண்டு இருக்கிறது. நரம்பு அதைச் சுற்றிக்கொண்டு தோலுக்கு மிக அருகில் போகும். முண்டுக்கு மேலே தட்டினார். அலை பாதியாகச் சுருங்கி, திணறிக்கொண்டு வந்தது. அங்கே மட்டும்தான். அந்த ஒரு விரற்கடை இடத்தில்தான் எதுவோ நரம்பின் கழுத்தைப் பிடித்திருந்தது.

எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. பழக்கத்தில் முக்காலியில் போய் உட்கார்ந்தார். இடது முட்டியின் அதே முண்டு, கட்டிலின் இரும்புச் சட்டத்தில் போய் அழகாகப் பொருந்தியது. அந்தச் சந்தில் வேறு மாதிரி உட்காரவே முடியாது. சில மாதங்களுக்கு முன் கட்டிலை மாற்றிப் புதுக் கட்டில் போட்டதிலிருந்து நாள் முழுக்க அவர் அதில்தான் சாய்ந்திருந்தார். அவருடைய காலை அந்த அறைதான் பிடித்து வைத்திருந்தது.

எழுந்து முக்காலியைத் தள்ளினார். தள்ள இடமில்லை. மறுபக்கம் போட்டால் இயந்திரத்தின் ஒயர் எட்டாது. பழைய துண்டு ஒன்றை மடித்து இரும்பின்மேல் சுற்றிக் கட்டினார். இப்போதைக்கு அதுதான் வைத்தியம். விட்டால் தானாகச் சரியாகும், சில மாதம் பிடிக்கும்.

அழுகை வந்தது. கூரை இடிக்காத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு கொஞ்சம் அழுதார். பிறகு ஏசியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

மனைவியிடம் போனில் சொன்னார். முதலில் தப்பாகப் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"இத்தன நாளா இதை வயித்துல வச்சுக்கிட்டா சுத்துனீங்க?" என்றாள். "வாங்க வீட்டுக்கு, பேசிக்கறேன்." பிறகு, வைப்பதற்கு முன், "உங்க அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க," என்றாள்.

அது அவருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது தூங்குவது போலப் படுத்திருந்தார். எழுப்பவில்லை.

காலையில் வழக்கம்போலப் பட்டைகளை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். அண்ணன் கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு, டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி தரையில் உட்கார்ந்தார்.

"ஊற வச்சியா?"

"வச்சேன்."

"அப்புறம்?"

"எனக்கு இல்லண்ணா. முட்டிகிட்ட நரம்பு அழுந்துது, அவ்வளவுதான். கட்டில் சட்டம்."

அண்ணன் டீயைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். கூடத்தில் மகள் ஷூ எங்கே என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"அப்ப பாப்பாவுக்கும் இல்ல," என்றார்.

"இல்லண்ணா."

"நல்லது." இன்னொரு வாய் குடித்தார். "ரொம்ப நல்லதுடா. புள்ள இனிமே மனுஷங்க மாதிரி நடக்கட்டும்."

"ம்."

"கம்பெனியில சேர்ந்த அன்னிக்கே ராஜினாமாவா? சீனியர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

தம்பி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. தம்பி குனிந்து அண்ணனின் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கால் குளிர்ந்திருந்தது. எடை மட்டும் இருந்தது. பட்டையில் குதிகாலைப் பொருத்தி, வாரை இழுத்து, கொக்கியில் மாட்டினார். என்ன சொல்வதென்று தெரியாமல் தினமும் கேட்பதையே கேட்டார்.

"இறுக்கமா இருக்காண்ணா?"

எப்போதும் வருகிற பதில் வரவில்லை.

"என்னை ஏன் கேக்கற?" என்றார் அண்ணன் மெதுவாக. "நீ பாத்துக்க."

தம்பி வாருக்கு அடியில் விரலை விட்டார். சரியாகத்தான் இருந்தது. தோலுக்கும் வாருக்கும் நடுவில் விரல் அழுந்தி, விரல் நுனியில் அவருடைய சொந்த நாடி துடிப்பது அவருக்குத் தெரிந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ தீர்ந்துவிட்டது. டம்ளர் இன்னும் கைகளுக்கு நடுவிலேயே இருந்தது.

"விரலை எடுத்துட்டியா?" என்றார்.

"இன்னும் இல்லண்ணா."